சபீனா தேவைப்படாத தட்டு: ஒரு மகளிர் விடுதி நிகழ்வு ஆய்வு

எங்கள் விடுதியில் சாப்பாட்டையே விட்டு மெலிந்துபோன ஒரு மாணவியின் கதை இது. இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு மாதம் யோசித்தேன். சம்பந்தப்பட்ட மாணவியிடம் கேட்டபோது, "எழுதுங்க மேம், ஆனா என் எடையை மட்டும் எங்கேயும் போடாதீங்க" என்றாள். போடவில்லை. ஊர், கல்லூரி, துறை எதையும் சொல்லவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய இரண்டு மூன்று விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியே. ஒரு சிறு நகரத்து மகளிர் கல்லூரியில் நான் பொருளியல் எடுக்கிறேன், விடுதியில் துணை வார்டன், மகளிர் மன்றத்துக்கும் பொறுப்பு நான்தான். அதனால் இதில் நடந்த தப்புகளில் பாதியில் என் கையெழுத்து இருக்கிறது.

பின்னணி

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவள். அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார், அம்மா வீட்டில், ஒரு தம்பி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் பெண். முதல் வருடமே மகளிர் மன்றத்தில் சேர்ந்தாள், சேர்ந்த இரண்டு மாதத்தில் மன்றத்தின் குரலே அவள்தான் என்று ஆகிவிட்டது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு கேட்டுத் தீர்மானம் போட்டார்கள், தமிழ்நாட்டில் அது சட்டமாக வந்தது 1989-ல். ஒரு பேச்சுப்போட்டியில் இதைச் சொல்லிவிட்டு, "இந்த அறுபது வருஷத்துக்குள்ள எங்க பாட்டி பொறந்து, கல்யாணமாகி, விதவையாகி, செத்தும் போயிட்டாங்க" என்று நிறுத்தினாள். அரங்கத்தில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கில் விழுந்தது. தன் பெயரில் வந்த முதல் பணம். அதில் அவள் என்ன வாங்கினாள் என்பது பின்னால் வருகிறது.

வீட்டைப் பற்றிப் பிறகு அவள் சொன்னவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. அத்தை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'பூசணிக்கா' என்றுதான் கூப்பிடுவார், அதுவும் பாசமாக. வீட்டில் முதலில் அப்பா சாப்பிடுவார், அப்புறம் தம்பி, அப்புறம் இவள். எல்லாரும் எழுந்த பிறகு அம்மா, அடுப்படியில் நின்றபடி, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவார். வெள்ளி, சனி, சஷ்டி, கார்த்திகை என்று விரத நாட்கள் தனி. "அம்மா சாப்பிட்டாங்களான்னு எங்க வீட்டுல யாரும் கேட்டதில்ல மேம், கேக்கணும்னே தோணினதில்ல."

மார்ச் 8

அவள் முதல் வருடத்தில் இருந்தபோது மகளிர் தினத்துக்கு மன்றம் ஏதாவது புதுசாகச் செய்ய வேண்டும் என்று கூட்டம் போட்டோம். கோலப்போட்டியும் சேலை அலங்காரமும் அலுத்துவிட்டது. உள்ளூர் உடற்பயிற்சி நிலையம் ஒன்று இலவசமாக 'உடல்நல முகாம்' நடத்தித் தருவதாகச் சொன்னது. பேனர் அவர்கள் செலவு, ஜூஸ் அவர்கள் செலவு. 'வலிமையான பெண்ணே வெற்றிப் பெண்' என்ற வாசகம் மட்டும் என்னுடையது.

முகாம் என்றால் என்ன? அரங்க வாசலில் ஒரு எடை மெஷின், சுவரில் உயரம் பார்க்கும் நாடா, ஒருவர் அளக்க, ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, ஒருவர் எழுத. கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்ட ஸ்டிக்கரைத் துப்பட்டாவில் ஒட்டி அனுப்பினார்கள். பி.எம்.ஐ. கணக்கு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் எண். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிகம் என்று கொள்கிறார்கள், அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியவள் இவள். மஞ்சள். நாள் முழுக்க அந்த மஞ்சள் வட்டத்தோடுதான் நன்றியுரை வாசித்தாள்.

பி.எம்.ஐ. பற்றி நான் பிறகு படித்தேன், முன்னால் படித்திருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக் கணிதக்காரர் கெத்தலே, கூட்டமாக மக்களைக் கணக்கெடுக்க உண்டாக்கிய வாய்ப்பாடு அது. தனி ஆள் ஒருவருக்குத் தீர்ப்பு சொல்வதற்காக அவர் அதை உண்டாக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. எங்கள் முகாமில் யாருடைய விரலிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. எடைதான் பார்த்தோம். ஏழு மாதம் கழித்து இவளுக்கு ஹீமோகுளோபின் பார்த்தபோது 8.2-தான் இருந்தது. அதில் எவ்வளவு மார்ச்சிலேயே குறைவாக இருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

மெலிந்தபோது நடந்தது

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் வந்தபோது ஆள் இளைத்திருந்தாள். யாரும் பயப்படவில்லை. எல்லாரும் பாராட்டினோம். துறைத் தலைவர், "என்னம்மா, சினிமாவுல சேரப் போறியா?" என்றார். முகம் தெளிவாகிவிட்டது என்றார் நூலகர். தங்களுக்கும் டயட் சொல்லித் தரச் சொல்லிப் பின்னாலேயே சுற்றினார்கள் தோழிகள். நான் சொன்னது, எழுதவே கூச்சமாக இருக்கிறது: "பரவாயில்லையே, ஒரு டிசிப்ளின் வந்துடுச்சு உனக்கு."

அப்போதுதான் அந்த 1000 ரூபாயில் ஆன்லைனில் ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்கியிருக்கிறாள். கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால். அறைத்தோழிக்குத் தெரியும். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு செல்போன் வெளிச்சத்தில் அதில் ஏறி நிற்பாளாம். தப்பாக ஒன்றும் செய்யவில்லையே, அதைப் போய் யாரிடம் சொல்வது என்று அந்தப் பெண்ணும் விட்டுவிட்டாள்.

தோழிகள் ஏமாந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் எப்போது பார்த்தாலும் சாப்பாட்டைப் பற்றியே பேசுவாள். சமையல் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பாள். ஒரு நீள நோட்டில் எண்பது பக்கத்துக்குச் சமையல் குறிப்புகள், செட்டிநாட்டு நண்டு மசாலாவிலிருந்து இத்தாலிப் பாஸ்தா வரை. மெஸ்ஸில் பாயசம் போட்டால் வாளியைத் தானே வாங்கி எல்லாருக்கும் பரிமாறுவாள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடி" என்று வற்புறுத்துவாள். இவ்வளவு சாப்பாட்டு ஆசை உள்ளவளா பட்டினி கிடக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இதற்கு விளக்கம் பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. 1944–45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். திடகாத்திரமான ஆண்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், குறிப்புகளை எழுதி வைத்தார்கள், ஒரு வாய் உணவை வெகுநேரம் அளைந்து அளைந்து சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள், கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். அழகு, கண்ணாடி, ஸ்டிக்கர் எதுவும் அங்கே இல்லை, வெறும் பசி. ஆக, அந்த நீள நோட்டு அவள் ஆசையின் அடையாளம் என்று நாங்கள் நினைத்தது தப்பு. பட்டினி கிடக்கும் மூளை எழுதிய நோட்டு அது. (கெத்தலேயின் பழைய வாய்ப்பாட்டுக்கு 1972-ல் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்ததும் இதே கீஸும் கூட்டாளிகளும்தான். எங்கள் முகாமின் அளவுகோலும் அதனால் வந்த கேட்டின் விளக்கமும் ஒரே ஆளிடமிருந்து!)

முதலில் கவனித்தவர்

ஆசிரியர் யாரும் இல்லை. மெஸ்ஸில் வேலை செய்யும் அக்கா. ஆகஸ்டில் ஒருநாள் மெஸ் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. அந்தப் பேசுற பொண்ணு இருக்குல்ல, அது தட்டைப் பாத்தீங்களா?"

எங்கள் விடுதியில் அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும். தொட்டிப் பக்கம் நின்று பார்ப்பவர் இந்த அக்கா. "மத்த புள்ளைங்க தட்டுல எண்ணெய் போகணும்னா சபீனா போட்டுத் தேய்க்கணும். அது தட்டைத் தண்ணில காட்டினா போதும். ரெண்டு மாசமா பாக்கறேன்."

நான் கவனிக்கிறேன் என்றேன். அடுத்த நாள் காலை மெஸ்ஸில் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு இட்லி. அதைப் பிட்டுப் பிட்டுத் தட்டின் ஓரத்தில் வட்டமாக அடுக்கினாள், சாம்பாரைத் தொட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தாள், அதை அழித்தாள், தம்பியின் பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மணி அடித்தபோது இட்லி அப்படியே இருந்தது, சின்னச் சின்னதாக. ஆவணி வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், ஒரு குற்றச்சாட்டு மாதிரி, "ஏன் சரியா சாப்பிட மாட்டேங்கிற?" என்று ஆரம்பித்தேன். அமைதியாகச் சொன்னாள்: "என் உடம்பு, என் உரிமை மேம். மன்றத்துல நீங்கதானே சொன்னீங்க."

நான் வாயடைத்துப் போனேன். அதோடு விட்டேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நம் பிள்ளை நம்மையே மடக்குகிறாள் என்று. இந்த வழக்கு முழுவதிலும் ஒரே ஒரு நாளைத் திருப்பித் தரச் சொன்னால் நான் கேட்பது அந்த நாளைத்தான். அவள் பதில் சொல்லவில்லை, கதவைச் சாத்தினாள். சாத்திய கதவு நான் செய்து கொடுத்தது என்பதால் எனக்கு அது கதவாகத் தெரியவில்லை.

அக்டோபர்

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் காலையில் விடுதிப் படியில் மயங்கி விழுந்தாள். நெற்றியில் இரண்டு தையல். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், டானிக் எழுதிக் கொடுத்தார்கள். "வயசுப் பொண்ணுங்க டயட் இருக்கறது சகஜம், நாலு நாள் நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார் அந்த டாக்டர். மாதவிடாய் வந்து நாலு மாதம் ஆகிறது என்று அறைத்தோழி அவளை மீறிச் சொன்னாள். அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆசிரியர் அறையில் ஒருவர், இதெல்லாம் பணக்கார வீட்டு நோய், வெள்ளைக்காரர்களுக்கு வருவது, மண்டிக் கணக்குப்பிள்ளை மகளுக்கு எப்படி வரும் என்றார். பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். 1873-ல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், சாப்பிட மறுத்து மெலிந்துபோகும் இந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்ததிலிருந்து அதற்கு ஒரு வெள்ளைக்கார முகம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் ஃபிஜித் தீவில், நல்ல உடம்புதான் அழகு என்றிருந்த ஊரில், 1995-ல் டி.வி. வந்தது. மூன்றே வருடத்தில் பள்ளி மாணவிகளிடம் சாப்பாட்டுச் சிக்கல்கள் கூடியிருந்ததை ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். அதே 1995-ல் இந்திய மருத்துவர்கள் சிலர் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள்: சாப்பிட மறுத்தார்கள், வாந்தி எடுத்தார்கள், மெலிந்தார்கள், மாதவிடாய் நின்றது, ஆனால் மேலைநாட்டுப் புத்தகத்தில் இருக்கும், மெலிந்த பிறகும் தான் குண்டு என்றே நினைக்கும் அந்தக் குழப்பம் அவர்களிடம் இல்லை. அதாவது நம் ஊரில் இது வேறு உடையில் வரலாம். 'வயிறு சரியில்லை', 'பசிக்கல', 'விரதம்'. இவளும் கடைசி இரண்டு மாதம் அம்மா மாதிரியே வெள்ளி, சனி விரதம் என்றுதான் மெஸ்ஸில் சொல்லியிருந்தாள். ஒரு பக்கம் பழைய பெண்மை, இன்னொரு பக்கம் புதிய பெண்ணியம், இரண்டுமே அவள் பட்டினிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று சாயங்காலம் மன்றத்து மாணவிகள் மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள். ஒருத்தி கோபமாக இருந்தாள். "அவ உடம்பு, அவ முடிவு. நாம கட்டாயப்படுத்தினா அவங்க அத்தைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் மேம்? ஐரோம் சர்மிளா சாப்பிடாம இருந்தாங்க, மூக்குல குழாய் வெச்சாங்க, அதை நாம அநியாயம்னுதானே சொன்னோம்?"

நல்ல கேள்வி, நான் தட்டிக் கழிக்கவில்லை. அரை மணி நேரம் பேசினோம். மணிப்பூரில் ஐரோம் சர்மிளா 2000 நவம்பரில் தொடங்கிய உண்ணாவிரதம் ஒரு சட்டத்தை எதிர்த்து. 2016 ஆகஸ்டில், போதும், வேறு வழியில் போராடுகிறேன் என்று அவரே முடிவு செய்தார், உள்ளங்கையில் தேனை ஊற்றித் தொட்டு நாக்கில் வைத்து முடித்துக்கொண்டார். தொடங்கியதும் அவர், நிறுத்தியதும் அவர். இவளால் நிறுத்த முடிகிறதா? அதைப் பார்க்கலாம் என்றேன். முடிகிறதென்றால் அது அவள் முடிவு, நாம் ஒதுங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் அவளையே கேட்டேன். இந்தமுறை குற்றம் சாட்டவில்லை. "நீ வேணாம்னு வெச்சிருக்கியா, இல்ல வேணும்னு நினைச்சாலும் உன்னால முடியலையா?" ரொம்ப நேரம் பேசவில்லை. மேஜையில் மெஸ்ஸிலிருந்து வந்த ஒரு இட்லி ஆறிக்கொண்டிருந்தது. கையை நீட்டினாள், விரல் நடுங்கியது, எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு அழுதாள். "முடியல மேம். ஒரு வாய் போனா உள்ளேர்ந்து ஒருத்தி திட்டறா." அந்தக் குரல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அத்தை ஞாபகம் வந்தது, அப்புறம் மெஷினில் எண்ணைச் சத்தமாகச் சொன்ன அந்த ஆளின் ஞாபகம்.

முதல் முடிவு, கிளினிக்கை விட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நாடித்துடிப்பு மிகக் குறைவு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, ஈ.சி.ஜி.யில் மாறுதல். மனநலப் பிரிவு டாக்டரம்மா அவளிடம்தான் பேசினார், எங்களிடம் இல்லை. வயது 19. 2017-ஆம் வருட மனநலச் சட்டப்படி சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவளுக்குத்தான் என்பதையும் நிலைமை எவ்வளவு ஆபத்து என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். தன் சார்பில் பேச யாரை வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டதற்கு அவள் அம்மாவைச் சொல்லவில்லை, சித்தியைச் சொன்னாள். பொது மருத்துவ வார்டில் அவள் கையெழுத்திலேயே சேர்ந்தாள்.

இரண்டாவது முடிவு, வீட்டுக்குச் சொல்வது. அவள் வேண்டாம் என்று கெஞ்சினாள். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மறைக்க முடியாது என்று சொல்லத் தீர்மானித்தோம். அது சரியான முடிவு, செய்த விதம் மோசம். அலுவலகத்திலிருந்து யாரோ அவள் அப்பாவுக்கு போன் போட்டு, "உங்க பொண்ணு சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கிறா" என்று சொல்லிவிட்டார்கள். அவர் வார்டுக்கு வந்து, நாலு கட்டில் தாண்டிக் கேட்கும்படி, மண்டியில் மூட்டை மூட்டையாக அரிசி போவதைப் பார்த்துக்கொண்டே தான் சம்பாதிப்பது யாருக்காக என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டு முடித்து வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதார்.

அதன் பிறகு

அம்மா முதல் நாளே பெரிய தூக்கில் பருப்புச் சாதமும் நெய்யும் கொண்டு வந்தார். டாக்டரம்மா தடுத்துவிட்டார். நாள்பட்டப் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் முதலான உப்புகள் சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகக்கூடும், இரண்டாம் உலகப்போர்க் கைதிகளுக்கு அப்படித்தான் ஆயிற்று என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, தினம் ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "சோறு போட்டா சாவாளா?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்ததுதான். வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு வேளையும் யாராவது அவளோடு உட்கார்ந்து, அதே நேரத்தில், அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்றார்கள் டாக்டரும் உணவியல் நிபுணரும். பக்கத்தில் நின்று "சாப்பிடு, சாப்பிடு" என்று சொல்வது உதவாது. அப்பா காலை ஆறு மணிக்கே மண்டிக்குப் போய்விடுவார். ஆக அது அம்மாதான்.

"நான் கடைசியில சாப்பிட்டுக்கறேன் டீச்சர், பழக்கமில்ல" என்றார் அம்மா.

டாக்டர் விடவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தது. "நானும்தான் கல்யாணமானதுலேர்ந்து வாரத்துல மூணு நாள் சாப்பிடறதில்ல. எனக்கு என்ன ஆச்சு? என்னை யாரு ஆஸ்பத்திரில சேத்தாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. மகள் கட்டிலில் இருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மெதுவாக, "உங்களுக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாமா அம்மா?" என்றார். பண்ணினார்கள். மகளை விடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

பதினோரு நாள் வார்டு, அப்புறம் வீடு. அந்த செமஸ்டரை விட்டாள். மாதம் இரண்டு தடவை மருத்துவமனை, சித்தி கூடவே போனார். நவம்பர் கடைசியில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி: "மேம், அம்மா உக்காந்து சாப்பிட்டு நான் இப்பதான் பாக்கறேன். அவங்களுக்கு ரசம் பிடிக்காதாம், பத்தொம்பது வருஷமா எனக்குத் தெரியாது."

எல்லாம் நேராகப் போகவில்லை. பொங்கலுக்கு அத்தை வந்தார், "இப்பத்தான் பொண்ணு பாக்க வர்ற மாதிரி அளவா இருந்தா, திரும்ப சதை போட்டுட்டாளே" என்றார். அடுத்த பத்து நாளில் ஏறியதில் பாதி இறங்கிவிட்டது. அம்மாவும் தடுமாறினார். ஒரு வரன் வந்திருந்தது, கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் நல்லதுதானே என்று என்னிடமே தயங்கித் தயங்கிக் கேட்டார். வரனைத் தள்ளி வைக்கச் சொன்னது அப்பா. நான் அவரிடமிருந்து அதை எதிர்பார்க்கவே இல்லை. பிப்ரவரியில் மாதவிடாய் திரும்பியது. ஜூனில் கல்லூரிக்குத் திரும்பினாள், ஒரு வருடம் பின்னால், ஜூனியர்களோடு.

முழுசாகக் குணம் என்று டாக்டர் சொல்லவில்லை. தேர்வு நேரத்தில் தட்டு இன்னும் லேசாகிறது. ஆனால் இப்போது அவளே வந்து சொல்கிறாள்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

எடை பார்க்கும் முகாம் இனிக் கிடையாது. இந்த மகளிர் தினத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து ரத்தம் மட்டும் பார்த்தார்கள், முடிவை அவரவர் கையில் மடித்த சீட்டில் கொடுத்தார்கள். அடுப்படி அக்காக்களுக்கும் பார்த்தோம். அவர்களையும் சேர்க்கலாம் என்று சொன்னது இவள்தான்.

ஆசிரியர் கூட்டத்தில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: மாணவி இளைத்தாலும் பருத்தாலும் வாய் திறக்காதீர்கள். சிரித்தார்கள். "அப்போ நல்லா இருக்கேன்னுகூட சொல்லக் கூடாதா?" என்றார் ஒருவர். பாதிப் பேர் கடைப்பிடிக்கிறார்கள், துறைத் தலைவர் இன்னும் சினிமாவில்தான் இருக்கிறார்.

மெஸ் அக்கா ஏதாவது சொன்னால் அது வார்டன் பதிவேட்டில் அன்றைக்கே ஏற வேண்டும், இரண்டு நாளில் யாராவது அந்த மாணவியிடம் பேச வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். ஆகஸ்டில் அவர் சொன்னதற்கும் அக்டோபரில் இவள் விழுந்ததற்கும் இடையே ஏழு வாரம் இருந்தது. வீட்டுக்குச் சொல்ல வேண்டி வந்தால், யாரிடம், எந்த வார்த்தையில் சொல்லலாம் என்று முதலில் மாணவியிடம் கேட்கிறோம். இவளிடம் கேட்டிருந்தால் சித்தியைச் சொல்லியிருப்பாள், வார்டில் அந்த அரை மணி நேரம் நடந்திருக்காது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை மெஸ் அறிவிப்புப் பலகையில், மெனுவுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம்.

மன்றத்தில் 'என் உடம்பு, என் உரிமை' என்று இன்னும் பேசுகிறோம், அதை விடப் போவதில்லை. கூடவே ஒரு சின்னப் பயிற்சி சேர்ந்திருக்கிறது: உங்கள் வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யார் கடைசியில், கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஒரு வாரம் பார்த்து எழுதி வரச் சொல்கிறோம். சொத்துரிமை பற்றிப் பேசும்போது கிடைக்காத சத்தம் இதற்குக் கிடைக்கிறது. போன தடவை ஒரு பெண் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அந்த டிஜிட்டல் எடை மெஷின் என் அலுவலக அலமாரியில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்குக் கீழே இருக்கிறது. வார்டில் சேர்ந்த அன்று அவளே அறைத்தோழியிடம் சொல்லி எடுத்துவரச் செய்து என்னிடம் கொடுத்தாள். அவள் பணத்தில் அவள் வாங்கிய பொருள். படிப்பு முடிந்து போகும்போது திருப்பிக் கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதை என்னை ஏன் கேக்கறீங்க? அவளைக் கேளுங்க" என்றார். இன்னும் கேட்கவில்லை.